காமாட்சிக்கு எத்தனை 'ஏ'?

பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தறி வீடு. முன்கட்டில் தறி. அதற்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டிய ஃபைபர் ரூட்டர். நூல் தூசி படிந்த அந்தப் பெட்டியில் பச்சை விளக்குகள் மட்டும் ஓயாமல் மினுக்கிக்கொண்டிருந்தன. வீட்டு அக்கா புதுப் போன் வாங்கியிருந்தார். பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இரண்டு நாளாகிவிட்டது. "பாஸ்வேர்டு தெரியும் தம்பி, காமாட்சிதான். பின்னாடி பையன் பொறந்த வருஷம். ஆனா போட்டா எடுக்க மாட்டேங்குது" என்றார்.

போட்டுப் பார்த்தோம். ஒரு 'ஏ', இரண்டு 'ஏ', முதல் எழுத்தைப் பெரிதாக, சிறிதாக. 'டி-சி-எச்' என்று ஒரு முறை, படித்தவர்கள் எழுதுகிற மாதிரி 'கே-எஸ்-எச்' என்று ஒரு முறை. தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அண்ணன் மிதியை நிறுத்தாமலே, "கடைசியில ரெண்டு இ போட்டுப் பாருங்க" என்றார். அதையும் போட்டோம். வைஃபை அசையவில்லை.

அந்த வீட்டில் எல்லாருக்கும் கடவுச்சொல் தெரியும். அதை எழுதத்தான் யாருக்கும் தெரியவில்லை. மறந்துபோன வைஃபை கடவுச்சொல்லைக் கணினியிலிருந்து எடுப்பது எப்படி என்ற கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான். நம் ஊரில் அந்தக் கேள்வி எழுகிற காரணம்தான் கொஞ்சம் வேறு. நாம் பெரும்பாலும் சொல்லை மறப்பதில்லை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, அன்றைக்கு எந்த ஸ்பெல்லிங்கில் வைத்தோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இதில் வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரின் பெயரையே பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்துக் காகிதங்களில் இது 'கான்ஜீவரம்'. பட்டுப் புடவைக்கு வெளிமாநிலத்தில் இன்றும் அந்தப் பெயர்தான். பெயர்ப்பலகைகளில் 'சி-எச்' அடுத்து ஓரிடத்தில் ஓர் 'ஐ', இன்னோரிடத்தில் இரண்டு 'இ'. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கை மாற்றி 2020 ஜூனில் வெளிவந்த அரசாணை, எதிர்ப்பும் கேலியும் கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஓர் அரசாங்கமே முடிவுக்கு வர முடியாத விஷயத்தில், ரூட்டர் மாட்ட வந்த பையன் ஏணியில் நின்றபடி காதில் விழுந்ததைத் தட்டச்சு செய்த ஸ்பெல்லிங்கை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

தமிழிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வைஃபை விதி அதற்கு இடம் தரவில்லை. இன்று வீடுகளில் பரவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 பூட்டில் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஆனால் எல்லாமே ஆங்கில விசைப்பலகையில் உள்ள ஆஸ்கி எழுத்துகளாக இருக்க வேண்டும். வலையின் பெயரைத் தமிழில் வைக்கலாம், அதற்கும் ஓர் அளவு உண்டு. பெயர் 32 பைட்டைத் தாண்டக்கூடாது. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் வழக்கமாக 3 பைட் பிடிக்கும். 'காஞ்சிபுரம்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கோ கால், புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி, ஆக மொத்தம் 11 குறியீடு, 33 பைட். ஒரே ஒரு பைட் கூடிப்போனதால் நம் ஊரின் முழுப்பெயர் வைஃபைப் பட்டியலில் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது. 'காஞ்சி' என்று சுருக்கினால் 18 பைட், தாராளமாக நுழையும். இந்த விதியை எழுதியவர்கள் மேசையில் தமிழ் தெரிந்தவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். பையன் பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி பீரோமேல் இருந்தது. இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில் தொடங்கியது. அண்ணா பிறந்தது இதே காஞ்சிபுரத்தில் என்பதால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்த மடிக்கணினியைப் பற்றிக் கொஞ்சம் உரிமையோடு பேசுவார்கள். பையன் இப்போது ஒரகடத்தில் வேலைக்குப் போகிறான். மடிக்கணினியில் யாரும் படிப்பதில்லை. எப்போதாவது புடவை டிசைன் படம் பார்க்கவும் படம் ஓட்டவும் திறப்பார்கள். திறந்தால் யாரையும் கேட்காமல் அது தானே வைஃபையில் சேர்ந்துகொள்ளும். நமக்கு மறந்த ஸ்பெல்லிங் அதற்கு எழுத்து பிசகாமல் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

விண்டோஸ் கணினி ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு வைத்துக்கொள்கிறது. வலையின் பெயர், பூட்டின் வகை, கடவுச்சொல் எல்லாம் அதில் இருக்கும். சி டிரைவில் 'புரோகிராம் டேட்டா' என்ற மறைந்த கோப்புறைக்குள், 'டபிள்யூலேன்எஸ்விசி' என்ற பெயருக்குக் கீழே இந்தக் கோப்புகள் கிடக்கின்றன. நேரே திறந்தால் கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த குப்பைதான் தெரியும். விண்டோஸ் தன் சொந்தச் சாவியால் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆகவே கோப்பைத் தோண்டுவதில் பயனில்லை. விண்டோஸையே திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

அதற்கு எனக்குப் பிடித்த வழி கறுப்புத் திரைதான். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'சிஎம்டி' என்று தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதில் 'நெட்ஷ்' என்ற ஐந்தெழுத்துக் கட்டளை, ஓர் இடைவெளி, 'டபிள்யூலேன்' என்பதன் நான்கெழுத்து, பிறகு 'ஷோ', 'புரொஃபைல்ஸ்'. கணினி இதுவரை சேர்ந்த வைஃபை எல்லாம் வரிசையாக வந்து விழும். வேண்டிய பெயரைப் பார்த்துக்கொண்டு அதே கட்டளையை மறுபடி அடித்து, 'நேம்' என்பதற்குச் சமக்குறி போட்டு மேற்கோளுக்குள் அந்தப் பெயரையும், கடைசியில் 'கீ' சமக்குறி 'கிளியர்' என்பதையும் சேர்க்க வேண்டும். வரும் நீண்ட விவரத்தில் 'செக்யூரிட்டி செட்டிங்ஸ்' பகுதியில் 'கீ கன்டென்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரே நிற்பதுதான் கடவுச்சொல், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல். கடவுச்சொல்லைக் காட்டும் இந்த வசதி விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.

கறுப்புத் திரையைக் கண்டால் கை நடுங்குகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. விண்டோஸ் 7, 10 கணினிகளில் கன்ட்ரோல் பேனலில் 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்' போய், இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைச் சொடுக்கி, 'வயர்லெஸ் பிராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி' என்று நுழைந்து 'ஷோ கேரக்டர்ஸ்' கட்டத்தில் ஒரு டிக் அடித்தால் புள்ளிகள் எழுத்தாகும். இந்த வழியில் இப்போது இணைந்திருக்கும் வலையின் கடவுச்சொல்தான் தெரியும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸிலேயே, தெரிந்த வலைகளின் பட்டியலில், பழையவற்றின் கடவுச்சொல்லையும் காட்டும் பொத்தான் வந்துவிட்டது.

ஆப்பிள் கணினியில் இதற்கு 'கீசெயின்' என்று பெயர். வலையின் பெயரைத் தேடி, கடவுச்சொல்லைக் காட்டு என்றால் கணினியின் சொந்தக் கடவுச்சொல்லை முதலில் கேட்கும். 2022-இல் வந்த வென்ச்சுரா பதிப்பிலிருந்து வைஃபை அமைப்புகளிலேயே எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் இன்னும் வெளிப்படை. 'நெட்வொர்க் மேனேஜர்' உள்ள லினக்ஸில் 'ஈடிசி' கோப்புறைக்குள் இணைப்புக்கு ஒரு கோப்பு. அதில் 'பிஎஸ்கே' என்ற வரியில் கடவுச்சொல் பெரும்பாலும் பச்சையாகவே எழுதியிருக்கும். ரூட் உரிமை இருப்பவர் மட்டும் படிக்க முடியும், அவ்வளவுதான் காவல். அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றித் தந்தார்கள். பிள்ளைகளில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது தனிக் கதை.

போனில் இப்போது இதெல்லாம் எளிது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை பெயருக்குப் பக்கத்தில் 'ஷேர்' அழுத்தி விரல் வைத்தால் கியூஆர் கட்டமும், பல போன்களில் அதற்குக் கீழே கடவுச்சொல்லும் தெரியும். ஐபோனில் 2022-இன் ஐஓஎஸ் 16 முதல் உண்டு. ஆக, கணினியை நாடவேண்டியது போன் தண்ணீரில் விழுந்த நாளில்தான்.

கணினியிலும் கிடைக்காத இடங்கள் உண்டு. டிசைன் போடும் மேசைக் கணினிகள் பலவற்றில் ரூட்டரிலிருந்து கேபிள் நேராக வரும். வைஃபைக்கே போகாத கணினிக்கு வைஃபை கடவுச்சொல் தெரியாது. ரூட்டரில் இடையில் யாராவது கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், மாற்றத்துக்குப் பிறகு சேராத கணினி பழையதைத்தான் காட்டும்.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு திடுக்கிடல் வரும். எனக்கும் முதல் முறை வந்தது. கடவுச்சொல்லை இப்படி யார் கேட்டாலும் காட்டிவிடலாமா? வங்கி இணையதளம் நம் கடவுச்சொல்லை இப்படிக் காட்டுமா?

காட்டாது. காட்டவும் முடியாது. ஒழுங்காகக் கட்டிய இணையதளம் நம் கடவுச்சொல்லைச் சேமிப்பதே இல்லை. திரும்பப் பிரிக்க முடியாதபடி ஒரு கணக்கில் போட்டு அரைத்து, அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. நாம் கடவுச்சொல்லைத் தரும்போது அதையும் அதே மாதிரி அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. சோதிக்கிறவருக்கு அது போதும். வைஃபையில் நம் கணினி சோதிக்கிற இடத்தில் இல்லை. ரூட்டர் கேட்கும் ஒவ்வொரு முறையும் தனக்குச் சாவி தெரியும் என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. நிரூபிக்கிறவர் கையில் சாவி இருந்தே ஆக வேண்டும்.

தறிக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைகளில் துளை வழியாக டிசைன் இருக்கிறது. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய அந்த முறைதான் பிறகு கணினிக்கே துளையட்டையாகப் போனது. முதலாளி எவ்வளவு ரகசியமாக டிசைன் வைத்தாலும், தறி நெய்ய வேண்டுமானால் அட்டை தறிக்குப் புரிகிற மாதிரிதான் இருக்க வேண்டும். தறிக்குப் புரிகிற அட்டை, தறியைக் கையில் வைத்திருப்பவருக்கும் புரியும். கணினிக்கும் இதே கதிதான். அது பேச வேண்டிய ரகசியத்தை அதனிடமே மறைக்க முடியாது. கணினியைக் கையில் வைத்திருப்பவரிடமும் மறைக்க முடியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரூட்டரோடு பேசக் கடவுச்சொல் அப்படியே வேண்டியதில்லை. டபிள்யூபிஏ2 முறையில் கடவுச்சொல்லோடு வலையின் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்தால் 256 பிட் நீளச் சாவி ஒன்று கிடைக்கும். வேலை செய்வது அந்தச் சாவிதான். பெயரும் சேர்ந்து அரைபடுவதால், ஒரே கடவுச்சொல்லை வைத்த இரு வீடுகளுக்கும் வலையின் பெயர் வேறானால் சாவியும் வேறு. பழைய விண்டோஸ் எக்ஸ்பி இந்தச் சாவியை மட்டுமே சேமித்தது. அதிலிருந்து கடவுச்சொல்லைத் தேடியவர்களுக்கு 64 இலக்கக் குவியல் கிடைக்கும். சாயம் ஏறிய பட்டிலிருந்து வெள்ளை நூலை எடுக்க முடியாத மாதிரி, அதிலிருந்து 'காமாட்சி'யை எடுக்க முடியாது. ஆனால் அந்தக் குவியலையே கடவுச்சொல் கட்டத்தில் போட்டால் வைஃபை சேர்ந்துவிடும்! ரகசியம் காக்கப்பட்டதா என்றால், பாதி. அடுத்துவந்த விண்டோஸ்கள் கடவுச்சொல்லையே வைத்துக்கொண்டன. 2018-இல் அறிவித்த டபிள்யூபிஏ3 பூட்டுக்கு இந்த அரைத்த சாவி உதவாது, கடவுச்சொல்லே வேண்டும்.

அப்படியானால் கேள்வி, கணினியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான். விண்டோஸ் இந்த ரகசியத்தை நிர்வாகி உரிமை உள்ள கணக்குக்குக் காட்டும். நம் வீடுகளில் கணினிக்கு ஒரே கணக்கு, அதுவே நிர்வாகிக் கணக்கு. அதற்கும் கடவுச்சொல் இருக்காது, இருந்தால் 1234. வீட்டாருக்குள் இது பெரிய குறையில்லை. எங்கள் தெருவில் வீட்டுச்சாவி இன்றும் நிலைப்படி மேலேதான் இருக்கிறது.

வெளியே போகும்போதுதான் விவகாரம். பழுது பார்க்கக் கொடுக்கிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் படிக்கக் கொடுக்கிறோம், பழைய மடிக்கணினியை விற்கிறோம். படங்களை அழிக்கிறவர்கள்கூட வைஃபை பட்டியலை நினைப்பதில்லை. என்னுடைய பழைய கணினியைக் கொடுக்கும் முன் அந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். ஆரணியில் தங்கை வீடு, வேலூரில் ஒரு மருத்துவமனை வரவேற்பறை, கும்பகோணத்தில் முகூர்த்தத்துக்குப் போய்த் தங்கிய லாட்ஜ், நான் வேலை செய்து விலகிய ஓர் அலுவலகம் என்று ஏழெட்டு வருஷ நடமாட்டம் வரிசையாக நின்றது. பாதி இடங்களில் இன்னும் அதே கடவுச்சொல்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். 'நெட்ஷ்' கட்டளையிலேயே 'ஷோ' வருமிடத்தில் 'டெலீட்' போட்டால் ஒவ்வொன்றாக நீக்கலாம். கணினியையே விற்பதென்றால் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றுவதே நல்லது. மாறாக, புதுக் கணினிக்கு எல்லா வைஃபையையும் மாற்ற 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதோடு 'கீ கிளியர்' போட்டால் அத்தனை கடவுச்சொல்லும் பச்சையாகக் கோப்பில் வந்துவிடும். வேலை முடிந்ததும் அந்தக் கோப்புகளை அழிக்க மறக்கிறவர்கள்தான் அதிகம்.

இந்த வசதியைத் திருடர்களும் அறிவார்கள். 'ஏஜென்ட் டெஸ்லா' என்ற வேவு மென்பொருள், நான் மேலே சொன்ன அதே 'நெட்ஷ்' கட்டளையை ஓட்டி வைஃபை கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போவது 2020-இல் தெரியவந்தது. அதனால்தான், 'வைஃபை பாஸ்வேர்டு ஃபைண்டர்' என்று இணையத்தில் தொங்கும் இலவச மென்பொருள்களை இறக்காதீர்கள் என்று சொல்கிறேன். விண்டோஸ் தானே செய்யும் வேலைக்கு வெளி ஆள் எதற்கு? நல்ல நோக்கத்தோடு மைக்ரோசாஃப்டே ஒரு முறை சறுக்கியது. 2015-இல் விண்டோஸ் 10-ஓடு வந்த 'வைஃபை சென்ஸ்', நாம் தேர்ந்தெடுத்த வலையின் அனுமதியை நம் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் பகிரும். கடவுச்சொல் அவர்கள் கண்ணில் படாது, இணைப்பு மட்டும் கிடைக்கும். பெரும் முணுமுணுப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டே அந்தப் பகிர்வை எடுத்துவிட்டார்கள்.

காஞ்சிபுரத்துக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. இங்கே கடையிலும் தறி வீட்டிலும் விலைமதிப்பானது டிசைன். முன்பு கட்டக் காகிதத்தில் வரைந்து அட்டை அடித்தார்கள். இன்று கணினியில் வரைந்து மின்னணு ஜக்கார்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு கோர்வைப் புடவையின் புட்டாவையும் முந்தானையையும் வரையச் சில வாரம் ஆகலாம். நகல் எடுக்கச் சில நொடி போதும். டிசைன் கணினியில் பகிர்ந்த கோப்புறை திறந்து கிடக்க, அதே வைஃபையின் கடவுச்சொல்லைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கியூஆர் கட்டமாக ஒட்டிவைத்திருப்பதைக் காந்தி ரோடு பக்கம் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்துக்குள் பூட்டு எதுவும் கிடையாது. வலையின் பெயரும் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாகவே இருக்கின்றன. புடவை பார்க்க வந்தவர் எடுக்கும் செல்ஃபியில் பின்னால் விழுந்தால், அந்தப் படம் போகும் இடமெல்லாம் கடவுச்சொல்லும் போகும். பெரும்பாலான ரூட்டர்களில் 'கெஸ்ட்' வலை தனியாக வைக்கும் வசதி இருக்கிறது. வாடிக்கையாளருக்கு அதைக் கொடுத்தால் டிசைன் கணினி இருக்கும் பக்கம் அவர்கள் எட்டிப்பார்க்க முடியாது.

உள்ளே இருந்து கேட்டால் கணினி காட்டிக்கொடுக்கும். வெளியே தெருவில் நிற்பவருக்கு எதிராக இந்தப் பூட்டு எவ்வளவு உறுதி? 1990-களின் கடைசியில் வந்த டபிள்யூஇபி என்ற முதல் பூட்டின் கணிதம் 2001-இலேயே உடைந்தது. 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் டபிள்யூபிஏ2. பிந்தையதிலும் 2017-இல் ஓர் ஓட்டை கண்டுபிடித்து மென்பொருள் திருத்தத்தால் அடைத்தார்கள். இன்று உடைவது பூட்டைவிடச் சாவிதான், அதாவது நாம் வைக்கும் சொல். தமிழ்நாட்டில் கடவுளுக்கு அடுத்தபடியாக வீடுகளில் வைஃபை கடவுச்சொல்லாக இருப்பது சொந்தக் கைபேசி எண் என்பது என் அனுமானம்.

அது எவ்வளவு பலவீனம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். மீதி ஒன்பது இலக்கம். மொத்தம் 400 கோடி சாத்தியம். ரூட்டரும் போனும் கைகுலுக்கும்போது காற்றில் போகும் செய்தியைப் பிடித்துக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து நொடிக்குப் பத்து லட்சம் முயற்சி செய்யும் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இன்றைய விளையாட்டுக் கணினிகளின் உயர்ரகக் கார்டுகள் அதைவிட வேகம். 2021-இல் சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் டெல் அவிவ் நகரில் சுற்றி 5000 வைஃபை வலைகளிலிருந்து இப்படிச் சேகரித்து, சுமார் 70 சதவீதத்தின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார். கை கொடுத்தது, அங்கேயும் மக்கள் கைபேசி எண்ணையே வைத்திருந்த பழக்கம். மாறாக, அர்த்தமில்லாத பன்னிரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளை வைத்தால் அதே வேகத்தில் மூவாயிரம் ஆண்டு ஆகும். இங்கே எனக்கு ஒரு வேடிக்கையான ஆறுதல். ஆங்கில அகராதியை வைத்துத் தேடுகிறவனுக்கு நம் தாறுமாறான ஸ்பெல்லிங் கொஞ்சம் தலைவலிதான். ஆனால் சாமி பெயரோடு பிறந்த வருஷம் என்பதை நம் ஊர்ப் பையன் ஊகிக்க அகராதி எதற்கு?

இந்தியாவில் வைஃபை சுதந்திரமாகப் பரவ வழி திறந்தது 2005 ஜனவரியில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தபோது. பூட்டு ஏன் வேண்டும் என்பதை நாடு கற்றது மூன்றாண்டு கழித்து, கசப்பாக. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சலின் தடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வசித்த குடியிருப்பின் வைஃபைக்குப் போய் நின்றது. காவல்துறை அவரைத் துருவித் துருவி விசாரித்தது. அவருடைய இணைப்பை வேறொருவர் பயன்படுத்தியிருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு மின்னஞ்சல் மும்பை செம்பூரிலிருந்து, அதுவும் வேறொருவரின் வைஃபை வழியாகப் போனது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக இயக்குவது பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது. நம் வைஃபையில் யார் என்ன செய்தாலும் முதலில் கதவு தட்டப்படுவது நம் வீட்டில்தான்.

அடுத்தவர் வைஃபை கடவுச்சொல்லைத் தெரியாமல் எடுத்துப் பயன்படுத்துவதையும் சட்டம் விளையாட்டாகப் பார்ப்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியில்லாமல் கணினியிலோ வலையிலோ நுழைவதற்கு இழப்பீடு கேட்க இடம் தருகிறது. அதையே கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தக் கணினியில் சொந்த வீட்டுக் கடவுச்சொல்லைப் பார்ப்பதில் தவறேதும் இல்லை. அலுவலகக் கணினியில் அலுவலக வைஃபையைப் பார்த்துப் போனில் போட்டுக்கொள்வது, கேட்காமல் செய்தால், வேறு கதை.

கணினி கைவிட்டால் கடைசி இடம் ரூட்டர். முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டிய தாளில் ஆலையில் வைத்த கடவுச்சொல் இருக்கும். யாரும் மாற்றாமல் இருந்தால் அதுவே வேலை செய்யும். இல்லையென்றால் கேபிள் வழியாகக் கணினியை இணைத்து, உலவியில் பல ரூட்டர்களுக்குப் பொதுவான 192.168.1.1 என்ற முகவரியைத் தட்டி உள்ளே போகலாம். அங்கேயும் ஒரு கடவுச்சொல் கேட்கும், அது வைஃபை கடவுச்சொல் அல்ல. பின்பக்கம் ஊசி நுழையும் துளைக்குள் ரீசெட் பொத்தான் இருக்கிறது. எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஃபைபர் பெட்டியில் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். வைஃபை கடவுச்சொல்லோடு நிறுவனம் உள்ளே போட்டு வைத்த இணைப்பு விவரங்களும் அழிந்துபோகலாம். பிறகு ஆள் வந்து மறுபடி போட்டுக்கொடுக்கும் வரை நெட் இல்லை. பங்குனி உத்திர நேரத்தில் ஒரு நண்பர் அப்படி அழுத்திவிட்டு நான்கு நாள் காத்திருந்தார். ஏகாம்பரநாதர் கல்யாணத்துக்கே ஊரில் யாரும் அத்தனை நாள் காத்திருக்கவில்லை என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. மடிக்கணினி உயிர் பெறப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்ததும் அக்கா, அண்ணன், பக்கத்து வீட்டு ஆயா எல்லாரும் தலையை நீட்டினார்கள். 'கீ கன்டென்ட்' வரியில் முதல் எழுத்து பெரிய 'கே'. அடுத்து ஒரே ஓர் 'ஏ', நடுவில் 'டி-சி-எச்', முடிவில் அண்ணன் சொன்ன மாதிரியே இரண்டு 'இ'. அவர் சொன்னபோது நாங்கள் முதல் எழுத்தைச் சிறிதாகப் போட்டிருந்தோம். வருஷத்தைப் பார்த்ததும் அக்கா முகம் மாறியது. பையன் பிறந்தது அந்த வருஷம் இல்லை.

"பொண்ணு பொறந்தது" என்றார் அண்ணன், தறியிலிருந்து. மிதி நிற்கவில்லை.